நான் போட்ட சொல்

தெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடை வாசலில் இன்று சின்னத் தோடம்பழப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. கடைக்காரர் ஒன்றை உரித்து, தின்று பார் என்று நீட்டினார். அந்தத் தோல் மணம் மூக்கில் ஏறியதும் ஆசுபத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, பழத்தைத் தின்னாமல் தோலை மட்டும் பொடிப்பொடியாகக் கிள்ளிக்கொண்டிருந்த உன் விரல்கள்தான் கண்ணில் நின்றன. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய் இது மூன்றாவது டிசம்பர். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குள் கிடக்கிறது.

செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரே கட்டடத்தில் நீ மேல்மாடி, நான் கீழ்மாடி. நீ மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். ஆசுபத்திரிகளில் தமிழருக்கு மொழிபெயர்ப்பது என் வேலை என்று அறிந்ததும், "உங்கட யாழ்ப்பாணத் தமிழுக்கே ஒரு ஆள் வச்சு மொழிபெயர்க்கணும் புள்ள" என்று சிரித்தாய். உன்னைவிட எனக்கு ஒரு வயது கூட. ஆனாலும் உனக்கு எல்லாரும் புள்ளதான்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஐந்தாம் மாதத்தில் உனக்கு வயிற்றில் தங்காமல் போயிற்று. உன் கணவருக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தது நான். ஒரு டொக்டர் அம்மா படிவத்தோடு வந்தார். நடுக்குவாதம் போன்ற நோய்களுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு, வெளிவந்த திசுவைக் கொடுக்கச் சம்மதமா, மறுத்தாலும் குறையில்லை என்றார். பிரெஞ்சில் இருந்ததைத் தமிழாக்கும்போது திசு என்றால் உனக்கு விளங்காது என்று பட்டது. "கருவிலயிருந்து ஒரு பகுதி" என்றேன். கரு என்று சொன்னால் நோவு கொஞ்சம் குறையும் என்பது என் கணக்கு.

"ஆருக்காச்சும் உதவுமா?" என்று மட்டும் கேட்டாய்.

"உதவலாமாம்."

"அப்ப குடுப்பம். வீணாப் போகாம இருக்கட்டும்."

உதவும் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீ எழும்பினாய். பேந்து மெட்ரோவில் கை நடுங்கும் கிழவர் எவரையும் கண்டால், அவருக்கு நீயே மருந்து செய்து கொண்டிருப்பவள் போல நிமிர்ந்து உட்காருவாய். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பிறகு தேர்தல் வந்தது. எங்கள் பகுதியில் நின்றவருக்குத் தமிழில் துண்டுப்பிரசுரம் வேண்டும் என்றார்கள். என் அண்ணையின் விசாவுக்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. ஓம் என்றேன். கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் போகும் தமிழருக்கென்று அவர் சொல்லித் தந்தது இதுதான்: இந்த ஆராய்ச்சியை நிறுத்துவேன். பிரெஞ்சுக்காரருக்கான பிரசுரமும் அதே மேசையில் கிடந்தது. அதில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். மருத்துவ ஆராய்ச்சிக்குத் தோள் கொடுப்பாராம். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். கேட்டேன். "வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கவலைகள் மேடம்" என்று பிரெஞ்சில் சொல்லி என் தோளில் தட்டினார். தொட்டிலையும் ஆட்டி, பிள்ளையையும் கிள்ளுகிற கை அது. அந்தக் கைக்கு மை தொட்டுக் கொடுத்தவள் நான். அவர் தந்த வரியில் கரு என்றே இருந்தது. அது தமிழில் சப்பென்று இருக்கிறதென்று நான்தான் மாற்றினேன்: 'எங்கள் பிள்ளைகளின் சதையில் ஆராய்ச்சியா?'

அது உன் தபால்பெட்டிக்கும் வந்தது. நீ கீழே இறங்கி வந்து தாளை என் மேசையில் வைத்தாய்.

"இது உன்ட எழுத்துத்தானே?"

"ஓம்."

"ஆசுபத்திரியில கரு எண்டு சொன்னாய். இதில புள்ள எண்டு எழுதியிருக்காய். நான் எதைக் குடுத்த?"

நான் எழும்பித் தேத்தண்ணி ஊற்றினேன். நீ சண்டை பிடிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனாய். சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

தேர்தலில் அவர் வென்றார். அண்ணையும் வந்து சேர்ந்தார். அந்த அரசியல்வாதியைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தில் விதிகள் இறுகின. உன்னுடைய ஆசுபத்திரி அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டது. வெயிற்காலத்தில் உனக்கொரு கடிதம் வந்தது. வாசிக்க என்னிடம்தான் கொண்டுவந்தாய். சேமித்து வைத்தது இனிப் பயன்படாது, அப்புறப்படுத்தப்படும் என்றிருந்தது. ஒருவருக்கும் உதவாமல். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

நீ அழவில்லை. கடிதத்தைத் திருப்பி மடித்தபடி, "அப்ப, அவர எங்க கொண்டுபோய் விடுவாங்க?" என்று கேட்டாய்.

அவர். கைக்குழந்தையையும் மரியாதையாக அவர் என்று சொல்வது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டுப் பெடியனையும் நீ அப்படித்தான் சொல்வாய். இதற்கு மட்டும் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. நான் கருவென்றும் பிள்ளையென்றும் வசதிக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க, உன்னிடம் உன் சொல் முழுக்காலமும் இருந்திருக்கிறது.

"கேட்டுச் சொல்லு புள்ள" என்றாய். உனக்கு முன்னாலேயே போன் எடுத்தேன். பிரெஞ்சில் கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண், கோபமும் இல்லாமல் இரக்கமும் இல்லாமல், ஒரு வரியில் பதில் சொன்னாள். நன்றி சொல்லி வைத்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மரியாதையா அடக்கம் செய்வினமாம்" என்றேன்.

"பூ வைப்பாங்களா?"

"ஓம், வைப்பினமாம்."

"அப்ப சரி" என்று எழும்பிப் போனாய். பேந்து சாகும்வரை அதைப் பற்றி நீ கதைக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னது, மருத்துவக் கழிவுகளோடு விதிமுறைப்படி எரிக்கப்படும் என்பது. அடக்கமும் பூவும் நான் போட்டவை. இன்னும் அதே வேலைதான் செய்கிறேன். படிவத்தோடு ஒரு தாய்க்குப் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், இதை நீங்கள் எப்படிச் சொல்லுவீங்கள் என்று முதலில் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். அந்தப் பிரசுரத்தில் போட்ட சொல்லுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பூவுக்குக் கேட்கமாட்டேன்.