வடைக்குக் கட்டிய மலை

மே 9, வியாழன்

இந்தப் பல்லி கண்ணை மூடித் திறக்கிறது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது. நாக்காலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு மனிதர்களைப் போல இமை. தூக்கம் கலையாத குழந்தை மாதிரி ஒரு பார்வை.

சிதம்பரத்தில் சபாபதி மாமாவின் வண்ண மீன் கடைக்கு ஒருவர் இதை டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். ப்ரீத்தி என்று பெயர். பேங்கில் வேலை. கூடவே யு.கே.ஜி. படிக்கும் மகள் தீபிகா. பல்லிக்கு வடை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"மஞ்சளா இருக்கான்ல. மேல மிளகு. அதான் வடை."

வெளிநாட்டு இனமாம். சிறுத்தைப் பல்லி என்று மாமா சொன்னார். பதிவுக் காகிதமெல்லாம் இருக்கிறது. இப்போது வெறும் டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து வளர்க்கிறார்கள். மண்ணும் கல்லும் செடியுமாக, அது பிறந்த ஊரைப் போலவே ஒரு கண்ணாடி வீடு வேண்டுமாம்.

மாமா என்னைக் கை காட்டினார். "எங்க அக்கா பொண்ணு பவானி. இவ செய்வா மேடம். வாயிலதான் ஒண்ணும் வராது. கையில எல்லாம் வரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீன் தொட்டியைப் பார்த்தேன்.

தீபிகா மட்டும் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டாள். "அக்கா, மலை வைப்பீங்களா? வடைக்கு மலை புடிக்கும்."

தலையாட்டினேன்.

மே 11

போனில் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி. வேண்டும்போது இங்கே, வேண்டாதபோது அங்கே என்று அதுவே போய்க்கொள்ளும். சூட்டுப் பக்கம் மண்ணுக்கு அடியில், கரண்டில் சூடாகும் ஒரு ஹீட்டிங் மேட். அங்கேயே ஈரமான குகை ஒன்று இருக்க வேண்டும். தோல் உரிக்கும்போது இது ஈரத்தில்தான் படுக்குமாம். உரித்த தோலை அதுவே தின்றுவிடுமாம், மிச்சம் வைக்காமல்.

மண்தான் பிரச்சினை. எங்கள் கடற்கரை மணல் ஆகாது, உப்பு. களிமண் காய்ந்தால் வெடிக்கிறது. காய்ந்தும் வெடிக்காத மண், பொந்து வைத்தால் இடியாத மண் எங்கே கிடைக்கும்?

பத்தாவதில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு முதல் எழுத்திலேயே திக்கும். அதனாலேயே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். இதற்கு யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

மே 14

மண் கிடைத்துவிட்டது.

நான் சிதம்பரம் பஸ் ஏறும் இடத்தில், வேப்ப மரத்தடியில் பெரிய புற்று ஒன்று உண்டு. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிடுவது அங்கேதான். ரோட்டை அகலப்படுத்த வந்த ஜே.சி.பி. மரத்தையும் புற்றையும் சேர்த்து இடித்துப் போட்டிருக்கிறது. மஞ்சள் துணி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இடித்தது நான் இல்லையே.

அடியில் ஒரு பெரிய கட்டி மட்டும் முழுசாக இருந்தது. ஆட்டுக்கல் அளவு. மேலே இரண்டு மூன்று பொந்து. ஒரு பொந்து மட்டும் உள்ளே தூர்ந்துபோய் ஈரமாக இருந்தது. மலை! நான் எவ்வளவு செய்தாலும் அப்படி வராது.

ஜே.சி.பி. ஓட்டுகிறவர், "எடுத்துக்கம்மா. எப்படியும் நாளைக்கு லோடு அடிச்சிடுவாங்க" என்றார்.

ஈரச் சாக்கில் வைத்து, அது இருந்த நிலையிலேயே, சாய்க்காமல், அம்மாவின் மீன் கூடையில் தூக்கிவந்தேன். ஒரு பை நிறையத் தூளும் எடுத்தேன். அதில் முட்டை ஓடு நிறையக் கலந்திருந்தது. வாரா வாரம் எல்லோரும் வைக்கிற முட்டை. உட்கார்ந்து பொறுக்கிப் போட்டேன். சில ஓடுகள் நொறுங்கவில்லை. தோல் மாதிரி மடங்கின. முந்தாநாள் பெய்த மழையில் ஊறியிருக்கும்.

மே 15

எங்கிருந்து மண் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 19, ஞாயிறு

காலையிலிருந்து கடையில் இதே வேலை. அடியில் சரளை, மேலே புற்றுமண்ணும் ஆற்று மணலும் கலந்து கெட்டித்தேன். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மாமா கொண்டுவந்த காய்ந்த வேர் ஒன்று குளிர்ந்த பக்கத்தில். கற்றாழைக் கன்று இரண்டு. சூட்டுப் பக்கத்தில் மலை. ஹீட்டிங் மேட்டுக்கு நேர் மேலே, கொஞ்சமும் அசைக்காமல் வைத்தேன். வெடிப்பே இல்லை. தட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வேறு மாதிரி.

மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடியேய், ராஜஸ்தானையே தூக்கிக்கினு வந்துட்டியே!"

நான் சிரித்தேன் போலிருக்கிறது. கண்ணாடியில் தெரிந்தது.

மே 24, வெள்ளி

அம்மா இன்று பால் சொம்போடு போய் அப்படியே திரும்பி வந்தாள். போன வாரம் முழுக்க வெளியூர்க் கல்யாணத்தில் இருந்ததால் இடித்தது தெரியாது. பாலை வாசலிலேயே ஊற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மீன் விற்கப் போகவில்லை.

"ரோடு போடறவனுக்கு என்னாடி தெரியும்? அது இருந்த வூட்ட இடிச்சிட்டானுவ. இனிமே அது எங்க போவும்? எங்கியாவது பூந்துக்கத்தானே செய்யும்?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நகத்துக்குள் மண் இருந்தது. கையைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மே 30

பத்து நாளாகச் சூடு சரியாக நிற்கிறது. தினம் காலையில் மலையின் அந்த ஈரப் பொந்தில் தண்ணீர் தெளிக்கிறேன். இன்று வடையை விட்டுப் பார்த்தோம். நேராக மலை மேல் ஏறிப் பெரிய பொந்தில் நுழைந்து, தலையை மட்டும் வெளியே வைத்துத் தூங்கியது. இமை மூடி.

தீபிகா குதித்தாள். "பவானி அக்கா, இதுக்குள்ள இன்னும் ரூம் இருக்கா?"

"இருக்கு" என்றேன். வாய் திறந்து. மாமாவே திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 8, சனி

தொட்டியை ப்ரீத்தி அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தாயிற்று. கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில். அதன் பின்பக்கத்தை ஒட்டியே தீபிகாவின் சின்னக் கட்டில். தூங்கும்போதும் வடையைப் பார்க்க வேண்டுமாம்.

ஹீட்டிங் மேட்டின் வயர் வெளியே வர பின்பக்கம் ஓட்டை போட்டிருக்கிறேன். வயர் போக ஒரு விரல் நுழையும் இடைவெளி. சிலிக்கான் பசை வைத்து அடைக்கலாம் என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். "பல்லி என்னா ஒயர் வழியாவா வந்துடும்? அடுத்த வாட்டி பாத்துக்கலாம் வா. பஸ்ஸு போயிடும்."

நானும் இன்னொரு முறை சொல்லவில்லை.

ஜூன் 14

ப்ரீத்தி அக்காவிடமிருந்து வாட்ஸப். வடை மலைக்குப் போவதில்லை. குளிர்ந்த பக்கத்து வேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

புது இடம். அதனால் இருக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

மாமா போய்ப் பார்த்து வரச் சொன்னார். போனேன்.

வடை கண்ணாடி மூலையில் முகத்தை வைத்திருந்தது. வால் நுனி மட்டும் மெதுவாக இப்படியும் அப்படியும். இரை பார்க்கும்போது அப்படி ஆட்டும். இரை எதுவும் இல்லை. அது மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இருந்த நேரம் முழுவதும் கண்ணைச் சிமிட்டவே இல்லை.

மலையில் தூர்ந்திருந்த பொந்து திறந்திருக்கிறது. மண் உள்ளிருந்து வெளியே தள்ளியது போலக் கிடந்தது. வடை தோண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வடை அந்தப் பக்கமே போவதில்லை என்கிறார்களே?

தீபிகா தண்ணீர்ப் புட்டியோடு வந்து மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அந்தப் பொந்தில் தெளித்தாள். "நீங்க சொன்ன மாதிரி நான்தான் டெய்லி ஊத்துறேன் அக்கா."

"ஈரம் குறைஞ்சிருக்கும். இன்னும் கொஞ்சம் தெளி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 20

வடை சாப்பிடவில்லையாம். போட்ட புழு அப்படியே இருக்கிறதாம்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டில் இருக்கிறேன். சற்று முன்னால் ப்ரீத்தி அக்கா ஒரு படம் அனுப்பினார்கள். 'வடை தோல் உரிச்சிட்டான்! தீபிகா பத்திரமா எடுத்து வச்சிருக்கா.'

தீபிகாவின் உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு தோல். மெல்லிசு. கை தாண்டித் தொங்குகிறது.

வடை தோலை மிச்சம் வைக்காது. தின்றுவிடும்.

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கால் இல்லை. ஒரு இடத்திலும் கால் உரிந்த அடையாளம் இல்லை. தலைப் பக்கம் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. கண்ணாடிப் பொட்டு மாதிரி ரெண்டு மூடி. இமை இருக்கிற எதுக்கும் கண்ணு மேல தோல் உரியாது.

முட்டை ஓடு. தோல் மாதிரி மடங்கின ஓடு. கோழி முட்டை இல்ல அது. நான்தான் பொறுக்கிப் போட்டேன். என் கையால. மலைக்குள்ள இருந்தது மட்டும் அப்படியே — நான் சூடு வச்சேன், தண்ணி தெளிச்சேன், அந்தக் குழந்தையையும் தெளிக்கச் சொன்னேன் —

ப்ரீத்தி அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டேன், எடுத்தார். சொன்னேன். எனக்கே புரியாத மாதிரி வந்தது. மாமாவுக்குப் புரிந்தது.

"கத்தாத. வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான். சாயந்தரம் தொட்டிய ரிப்பேர்னு சொல்லித் தூக்கிக்கினு வந்துடறேன். நீ ஒண்ணும் பேசாத."

சாயந்தரமா?

போறேன். அம்மாகிட்டகூடச் சொல்லல. போறேன்.

ஜூன் 24

ப்ரீத்தி அக்கா வீடு இப்போது பூட்டியிருக்கிறது. அவர்கள் சீர்காழியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். மாமா என்னை இனிமேல் கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பஸ் புதுச்சத்திரத்தில் நின்றுகொண்டே இருந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. சிதம்பரத்தில் ஆட்டோ பிடித்துப் போனேன். கேட் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. தீபிகா நாற்காலி மேல் ஏறி நின்று, தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் தண்ணீர்ப் புட்டியோடு குனிந்திருந்தாள்.

"தீபிகா! கைய எடு! கீழ எறங்கு!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. எதிர் வீட்டில் இருவர் வெளியே வந்தார்கள். தீபிகா பயந்து அழுதுகொண்டே இறங்கினாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ப்ரீத்தி அக்கா ஓடிவந்தார்கள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புற்று, முட்டை, தோல். திக்கவில்லை. அவர்கள் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

தீயணைப்பு நிலையத்திலிருந்து இருவர் வந்தார்கள். மலையைக் கம்பியால் மெதுவாகப் பிளந்தார்கள். சாட்டைக் கயிறு மாதிரி கறுப்பாக ஒன்று எழுந்து, கட்டைவிரல் அகலத்துக்குப் படம் விரித்தது. ப்ரீத்தி அக்கா தீபிகாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். நல்ல பாம்புக் குட்டி. நாலு பிடித்து ஜாடியில் போட்டார்கள். மண் முழுவதையும் கிளறினார்கள். "தொட்டியில வேற இல்ல" என்றார்கள்.

வடை உயிரோடு இருந்தது. பழைய டப்பாவில், டிஷ்யூ பேப்பர் மேல் போய்ப் படுத்ததும்தான் கண்ணை மூடியது.

அப்போது மாமாவும் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். ஜாடிக்குள் எண்ணிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் வந்துடுச்சு மேடம். இனிமே ஒண்ணுமில்ல. பாப்பாவ உள்ள கூட்டியாங்க. தொட்டிய நாங்க எடுத்துக்கினு போயிடறோம்."

நான் பிளந்த மலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஈரப் பொந்துக்குள் ஓடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போல ஒரு கிழிசல். எல்லாமே காலி. பிரித்து எடுத்தேன். ஆறு. ஜாடியில் இருந்தது நாலு.

பின்பக்கம் வயர் ஓட்டை அடைக்காமல்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே தீபிகாவின் கட்டில்.

மாமா நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார். "வாய மூடிக்கினு வா. உனக்குத்தான் அது நல்லா வருமே."

நான் எழுந்திருக்கவில்லை. ஓடுகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். ப்ரீத்தி அக்காவைக் கூப்பிட்டேன். அவர்கள் தீபிகாவை இடுப்பிலிருந்து இறக்காமல் உள்ளே வந்து என் எதிரில் நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு ஓடாகத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினேன்.