இடது கைக் கயிறு

ஜூன் 8, 2025

சுந்தரபாண்டியபுரம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் மறுபடியும் எங்கள் ஜோடிக்குத்தான் முதலிடம். மைக்கில் ஒரே பெயர். சாரதி இசக்கிராஜா, சாரதி இசக்கிராஜா. வண்டியின் அச்சைக் கடைந்தவன் நான். பேரிங் தேடி மதுரை வரை போனவன் நான். வண்டியோடு செருப்பில்லாமல் ஓடி மாட்டை விரட்டியவனும் நான்தான். துணைச் சாரதி என்பார்கள். போட்டோவில் என் முழங்கை மட்டும் இருக்கிறது.

மாடு அப்பாவுடையது. கயிறு மருமகன் இசக்கிராஜா கையில். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து வீட்டில் அத்தான் வைத்ததுதான் சட்டம். சாயங்காலம் மாடுகளுக்கு முட்டை, அத்தானுக்கு ஆம்லெட். எனக்கு ரசம்.

ஜூன் 11

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துப் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஒரு கயிற்றைப் பிடிக்க வராதா? அப்பாவிடம் நேராகவே கேட்டேன்.

"ஒனக்குப் பொறும கெடயாதுலே. மாடு என்ன லேத்தா, சுவிட்சப் போட்டதும் சுத்த?"

அத்தான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 16

குற்றாலத்தில் சாரல். அத்தான் வாராவாரம் எண்ணெய் மசாஜுக்குப் போய்விடுகிறார். சினிமா ஹீரோ என்று நினைப்பு. வேல்விழி அக்கா துண்டு, சோப்பெல்லாம் எடுத்துக் கொடுத்து வாசல் வரை வருகிறாள். எனக்குச் சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை.

ஜூன் 22

இலத்தூர் ரோட்டில் பயிற்சி. போனில் ஸ்லோமோஷனில் எடுத்தேன். திருப்பத்தில் அத்தான் கயிற்றைத் தாமதமாக இழுக்கிறார் என்று ரொம்ப நாளாகச் சந்தேகம். அதை அப்பாவிடம் காட்டினால் கயிறு கைமாறும்.

தாமதம்தான். ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. இடது கைக் கயிற்றை அவர் பிடிக்கவே இல்லை, மணிக்கட்டில் சுற்றியிருக்கிறார். எந்தச் சாரதியும் செய்யாத வேலை. விழுந்தால் மாடு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அவருக்குத் தெரியாதா என்ன?

ஜூன் 23

குற்றாலத்துக்கு அத்தான் பின்னாலேயே போனேன். ஐந்தருவிப் பக்கம் ஒரு மசாஜ்காரர். இடது கையை மட்டும்தான் நீவினார், தோளிலிருந்து விரல் வரை. பிறகு அத்தான் டீ கிளாஸை அந்தக் கையால் எடுக்கப் பார்த்தார். நழுவியது. வலது கையால் எடுத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

மரத்துக்குப் பின்னால் நின்ற எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது.

ஜூன் 24

சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் வீடியோவைப் போட்டேன். அக்கா எழுந்து போய்விட்டாள். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பா நிமிரவே இல்லை.

"தெரியும்லே. பொங்கப் பந்தயத்துல விழுந்தாம்லா, அதுலேருந்தே அந்தக் கை சரியில்ல. அதான் ஒன்னைய அவங்கூட ஓட விட்டுருக்கேன். விழுந்தா பிடிக்க வேற எவன நம்ப?"

அப்போ என் வேலை மாட்டை விரட்டுவது இல்லை. மாப்பிள்ளைக்கு ஆயா வேலை.

"கீழப்பாவூர் பந்தயம் மட்டும் ஓட்டிக்கிடுதேன் முத்து," என்றார் அத்தான். "அதுக்குப் பெறவு கயிறு ஒனக்குத்தான்."

பிச்சை போடுகிறாரா? எனக்கு வேண்டாம்.

வேண்டும்.

ஜூன் 29

பழைய காரின் சீட் பெல்ட் கொக்கியை அத்தானின் இடது கைக் கயிற்றில் பொருத்தினேன். மணிக்கட்டில் எப்படிச் சுற்றினாலும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். பாசமெல்லாம் இல்லை. தப்பான டிசைனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

அத்தான் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "கார்ல போற மாரிலா இருக்கு. ஏசி எப்பம்லே வைக்கப் போற?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 6



கீழப்பாவூர். எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பும்போது நாங்கள்தான் முன்னால். சக்கரம் கல்லில் ஏறியது. அத்தான் சரிந்தார். ஆள் ரோட்டில், இடது கை மட்டும் கயிற்றோடு. தாரில் தேய்ந்துகொண்டே வந்தார். வண்டிக் கட்டையை ஒரு கையால் பிடித்து ஓடியபடியே குனிந்து பொத்தானை அழுத்தினேன். சிக்கியது. சனியன் — நான் செய்ததுதானே. மறுபடி அழுத்தினேன். கழன்றது. உருண்டு போனார்.

கட்டையை விடாமல் திரும்பிப் பார்த்தேன். கிடந்தபடியே கத்தினார்: "என்னத்தலே பாக்க? ஏறு. மாடு போவுது."

ஏறினேன். முதலிடம்.

மைக்கில், சாரதி இசக்கிராஜா. பதிந்திருந்த பெயர் அவருடையதுதானே. அவர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கிடக்கிறார், எனக்கு இங்கே வயிறு எரிகிறது. என்ன ஜென்மம் நான்?

ஜூலை 9

நரம்பு போய்விட்டதாம். இனிக் கயிறு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கயிற்றை என் பைக் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 20

முதல் பயிற்சி. மாடுகள் நகரவே இல்லை. தொழுவத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தன. நான் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள்தான் பயந்தார்கள். அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தான் ஒரு தடவை "ஹேய்" என்றார். சத்தமாகக்கூட இல்லை. பறந்தன.

கயிறு என் கையில், மாடு அவர் குரலில். இதற்கும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. உள்ளங்கை இரண்டும் கொப்பளம்.

ஜூலை 27

அத்தானைப் பைக்கில் ஏற்றிக் குற்றாலம். மசாஜ்காரர் அவரோடு செல்ஃபி வேண்டும் என்றார். கையெல்லாம் எண்ணெய் என்று போனை என்னிடமே நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை என் முழங்கைகூட இல்லை.

மசாஜ்காரர் பலகையைத் துடைத்துவிட்டு, "ஒக்காருங்க அண்ணாச்சி. எடது கைதான?" என்றார்.

அத்தான் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

"எனக்கு இல்ல. இவனுக்கு. ரெண்டு கையையும் பாருங்க."