புதிர்ச் சோறு

கண்டாவளை
05.11.2024

என் அன்புத் தர்சினிக்கு,

ராஜினி எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். எடின்பரோக் குளிர் உன்னை வாட்டாமல் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் கேட்டால் இவர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்ப்பார்.

போன வருசம் வந்தபோது பிள்ளை யதுர்ஷிகாவிடமும் எங்கள் இருவரிடமும் இரத்தம் எடுப்பித்துப் போனாயே, முடிவு வந்ததா? நேர்ஸ் ஊசி குத்தும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தர்மபுரம் பள்ளிக்கூடத்தில் தவளை வெட்டும் பாடத்தில் மயங்கி விழுந்தவளல்லவா? உன் தவளையையும் நான்தான் வெட்டினேன். இப்போது எலி மூளையைச் சீவிச் சீவிப் பார்க்கிற பெரிய விஞ்ஞானி! ஒரு சைக்கிளில் இரண்டு பேர், ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர் என்று திரிந்த அந்த நாட்களை நினைக்க ஆசையாக இருக்கிறது.

பிள்ளைக்கு ஆனியில் பதினைந்து முடிந்தது. தலை மட்டும் வளரவில்லை. பேச்சும் இல்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கைதட்டுவாள்.

அவர் கதை உனக்குத் தெரியும். சண்டை கிட்ட வந்து ஊரே வெளிக்கிட்டபோது, "கதிர் வந்த வயலை விட்டிட்டு வரமாட்டன்" என்று நின்றவர். நான் வயிற்றில் பிள்ளையோடு பங்கருக்குள் கிடந்தேன். கடைசியில் அந்த நெல்லை யாரும் வெட்டவில்லை. அந்தப் பயமும் புகையும்தான் பிள்ளையை இப்படி ஆக்கியது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். எல்லாவற்றுக்கும் குறை சொல்லுகிற மனிசன், இப்போது நான் உப்பில்லாமல் வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தைப்பூசத்துக்குப் புது அரிசியில் புதிர்ச் சோறு ஆக்கினால் எல்லோருக்கும் பரிமாறுவார். தான் மட்டும் வாயில் வைப்பதில்லை.

உண்மையைச் சொல். அவர் பிழையா? இத்தனை வருசம் படித்தாயே, அவளுக்கு ஒரு மருந்து கிடைக்குமா?

உன்
ராஜினி

எடின்பரோ
02.12.2024

அன்பு ராஜி,

உன் கையெழுத்தைக் கண்டதும் அழுதுவிட்டேன். முடிவு போன கிழமைதான் வந்தது.

முகாமிலிருந்து வந்து நெளுக்குளத்தில் இருந்தீர்களே, அங்கேதான் அவளை முதலில் உன் மடியில் பார்த்தேன். "தலை சின்னன்" என்று மட்டும் டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். ஏன் என்று சொல்ல ஆளில்லை. மூளை எப்படி உருவாகிறது என்று நான் படிக்கப் போனதே அதைத் தேடித்தான்.

கருவில் மூளைக் கலங்கள் மளமளவென்று பிரிந்து பெருக வேண்டும். அதற்கு உதவுகிற ஒரு பரம்பரையலகு, அதாவது ஜீன், எல்லோரிடமும் இரண்டு பிரதியாக இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதென்றால் மற்றது சமாளிக்கும். உன்னிடம் ஒரு பழுதான பிரதி இருக்கிறது, குகதாசன் அண்ணாவிடமும் ஒன்று இருக்கிறது. யதுர்ஷிகாவுக்கு அந்த இரண்டுமே வந்துவிட்டன. காணி வெளியே போகக்கூடாதென்று மச்சானுக்கும் மச்சாளுக்கும் கலியாணம் பேசினார்களே, அந்தக் காணியைப் போல இதுவும் உங்கள் அப்பு, ஆச்சி வழியாக இரண்டு பேருக்கும் வந்தது. அவர்களுக்கும் இது தெரியாது, பாவம்.

பங்கரும் காரணமில்லை, புகையும் காரணமில்லை. அண்ணா முதல் ஆளாக வெளிக்கிட்டிருந்தாலும் இவள் இப்படித்தான் பிறந்திருப்பாள். அவரிடம் சொல்லு.

மருந்து இல்லை, ராஜி. பிறக்கும் முன்பே அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. இத்தனை வருசம் படித்து உனக்கு ஒரு பதிலைத்தான் என்னால் தர முடிந்தது. கோபிக்காதே.

உன்
தர்சினி

கண்டாவளை
13.02.2025

தர்சினிக்கு,

இவ்வளவு நாளும் பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம். அங்கே நீ ஒருத்தி தேடிக்கொண்டிருக்கிறாய் என்று நம்பித்தானே நான் நாளைக் கடத்தினேன்? மருந்தில்லை என்று அவருக்குச் சொல்ல மனம் வராமல் மற்றதையும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முந்தாநாள் தைப்பூசம். வழக்கம்போல எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கை கழுவப் போனார். எனக்குத் தாங்கவில்லை. குசினிக்குள் கூப்பிட்டு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப, நான் அண்டைக்கு வெளிக்கிட்டிருந்தாலும்?"

"ஓம். இப்பிடித்தான் பிறந்திருப்பாளாம்."

"மருந்து?"

"இல்லையாம்."

சுவரோடு சாய்ந்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி இருந்தார். நான் இலையைப் போட்டுச் சோற்றை வைத்தேன். அவளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிடத் தொடங்கினார்.

பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னப்பா, கல்லுக் கிடக்குது. அரிசியை வடிவா அரிக்கேல்லையோ?"

நான் கையில் அகப்பையோடு அப்படியே நின்றேன். எத்தனை வருசத்துக்குப் பிறகு கேட்கிறேன், தர்சினி!

உனக்கென்று புது அரிசி கட்டி வைத்திருக்கிறார். எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. கல்லை நான் பொறுக்கி வைக்கிறேன்.

ராஜி