ஒரே கம்பியில் பதினோரு வீடுகள்

ஜனவரி 8, 1936, புதன்

தண்ணீர்ப் பம்பு மறுபடி உறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓஸ்முண்ட் வெந்நீர் ஊற்றி உருக்கினார். நேரமெல்லாம் அதற்கே போய்விட்டது என்று ஒரே முணுமுணுப்பு.

மத்தியானம் நான் நடத்தும் தாதி வகுப்பு. போன் கைப்பிடியைச் சுற்றி நீளமாக ஒரு மணி அடித்தேன். நீள மணி என்றால் எங்கள் ஒரே போன் கம்பியில் இருக்கும் பதினோரு பண்ணை வீட்டுக்கும் அழைப்பு. பாடம்: படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது. விரிப்பு மாற்றுவதைப் போனில் கற்றுக்கொடுக்கிற கூத்து வேறெங்கே நடக்கும்? ஆனால் இந்தப் பனியில் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரச்சொல்வது?

ஆளாளுக்கு எடுக்க எடுக்கக் குரல் தேய்ந்துகொண்டே போகும். அதனால் அண்டை வீட்டார் கூடி உட்கார்ந்து நாலு வீட்டில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. எட்னாவுக்கு அது பொறுக்காது. அவள் வீட்டுக் கடிகாரச் சத்தமே காட்டிக்கொடுத்தது.

"எட்னா, நீ ஹேசல் வீட்டுக்குத்தானே போயிருக்கணும்?"

"நான் எங்க எடுத்தேன்? நான் எடுக்கவே இல்லையே!"

சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது.

ஜனவரி 13

ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் வசில் ரம்பம் இரவல் வாங்க வந்தார். அவர் மகள் பராஸ்காவை நகரத்து ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பரில் சேர வேண்டும். என் வகுப்பில் அவளைப்போல் ஒருத்தி இதுவரை இல்லை. கல்யாணத்துக்கு முன் நான் படித்த அதே படிப்பு.

"ஊரான் பீயை அள்ளவா பொண்ண வளர்த்தேன்?" என்றார். நான் காபி ஊற்றினேன். ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் திரும்பினார். "அவ அம்மாவுக்கு இது எட்டாவது. பிரசவம் நல்லபடியா முடிஞ்சு அவ எழுந்து நடக்கட்டும். அப்ப அனுப்புறேன்."

அது போதும்.

ஜனவரி 29, புதன்

வகுப்பில் பிரசவம் பற்றிச் சொன்னேன். ஆபத்து என்றால் தயங்காமல் நீள மணி அடியுங்கள், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போகட்டும் என்றும் சொல்லிவைத்தேன். நல்ல யோசனை என்று எனக்கே ஒரு பெருமை.

பிப்ரவரி 5

புயல். களஞ்சியம் கண்ணுக்குத் தெரியவில்லை. காலையில் நீள மணி. எடுத்தேன், பராஸ்கா.

"நர்ஸம்மா, பிள்ள பொறந்துடுச்சு. அம்மாவுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது—"

இதுவரை தெளிவாகக் கேட்டது. அப்புறம் க்ளிக். க்ளிக். க்ளிக். புயலில் யார் வீட்டில் போய் யார் கூடுவது? அவரவர் வீட்டில் எடுத்தார்கள். கடிகாரம், யாரோ வீட்டு நாய், யாரோ இருமல். எல்லாரும் பதறித்தான் எடுத்தார்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பராஸ்காவின் குரல் கொசு பாடுகிற மாதிரி ஆனது.

"போனை வைங்க! எட்னா, வை! எல்லாரும் வைங்க!" என்று கத்தினேன். கேட்டால்தானே வைப்பார்கள்? கேட்கவில்லை என்று இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். செய்ய வேண்டியதைத் திரும்பத் திரும்பக் கத்தினேன். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "கேக்கல."

ஓஸ்முண்ட் வண்டி பூட்டினார், நானும் ஏறினேன். ஓடைப் பள்ளத்தில் குதிரைகள் மார்பளவு பனியில் நின்றுவிட்டன. அடித்தும் நகரவில்லை. திரும்பிவிட்டோம். கையில் பை இருக்கு, மருந்து இருக்கு, படிச்ச படிப்பு இருக்கு. என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 7

பராஸ்காவின் அம்மா போய்விட்டாள். குழந்தை இருக்கிறது. பெண்.

பிப்ரவரி 12, புதன்

வகுப்புக்கு மணி அடிக்கவில்லை. எட்னா பனிவண்டியில் வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான் எடுக்காம இருந்திருந்தா..."

"நீ மட்டுமா எடுத்தே?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். கேட்க அப்படி இல்லை. அழுதுகொண்டே போய்விட்டாள்.

மார்ச் 4, புதன்

இன்று நீள மணி அடித்துப் பார்த்தேன். வெகுநேரம் யாரும் எடுக்கவில்லை. வைக்கப் போகும்போது ஒரே ஒரு க்ளிக்.

"யாரு?"

"நான்தான் நர்ஸம்மா, பராஸ்கா. அப்பாதான் எடுத்துக் கையில குடுத்தாரு."

கம்பியில் வேறு யாரும் இல்லை; அடுத்த அறையிலிருந்து பேசுவது போல் கேட்டது. குழந்தை சப்புக்கொட்டுவதுகூடக் கேட்டது.

"அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாமோ? சொன்னேன். அடிவயிற்றை விடாமல் பிசைய வேண்டும், குழந்தையை மாரில் போட வேண்டும், கட்டிலின் கால்மாட்டை உயர்த்த வேண்டும்.

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்வது கேட்டது.

"அதெல்லாம் செஞ்சேனே," என்றாள். "கட்டிலுக்கு அடியில விறகு வச்சேன். கை மரத்துப்போற வரைக்கும் பிசைஞ்சேன்."

"நீ செஞ்சதுல ஒரு தப்பும் இல்லம்மா. நான் வந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்." எல்லாம் சரியாகச் செய்தும் ஒருத்தி செத்துப்போனால் அதற்கு எந்தப் பாடத்தைச் சொல்வது?

செப்டம்பர் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அப்பா இப்ப என்னப் போகச் சொல்றாருதான். இவள யார்கிட்ட விடறது? அந்த இடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடுங்க." பிறகு, "சரி, இன்னிக்குப் பாடம் என்ன?"

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது என்றேன். ஆரம்பித்தேன். கத்த வேண்டியிருக்கவில்லை. தலைக்கு அடியில் கையை எப்படிக் கொடுப்பது, காதில் தண்ணீர் போகாமல் எப்படிப் பிடிப்பது, எல்லாம் மெதுவாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்தது.