பின்கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற தண்ணீர்

ஜூலை 6, ஞாயிறு

காலை ஆறரை. மேகம், மழை இல்லை. புழுக்கம். ஃபிளாட் பின்கேட்டைத் திறந்தால் கால்வாய்க்கரை. தண்ணீரைச் சோதித்து ரீடிங் எடுக்கும் நாலாவது வாரம்.

ஓடைகளைக் கண்காணிக்கக் கற்றுத்தரும் வகுப்பில் கொடுத்த கையேடு முழுக்க மலை ஓடைப் படங்கள். கல்லைப் புரட்டி அடியில் என்ன பூச்சி என்று பார்க்க வேண்டுமாம். புரட்டினேன். கல் இல்லை, டயப்பர். ஏரியின் உபரித் தண்ணீர் கூவத்துக்குப் போகிற வழி இது. மலைக்கும் திருவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்! ஆன்லைனில் பாடம் எடுக்கிற மேடம் "எல்லா ஓடையும் ஓடைதான்" என்கிறார். அவருக்கென்ன, நாற்றம் ஸ்கிரீனில் வராது.

கரைந்த ஆக்ஸிஜன்: 1. போன வாரமும் 1. மீன் பிழைக்க 4, 5 வேண்டும். நிறம் கறுப்பு.

சர்ச்சுக்கு லேட். எபி காரிலிருந்து ஹார்ன். "ஒனக்கு ஆண்டவரவிட சாக்கட பெருசாப் போச்சு, என்ன?" சாக்கடை இல்லை, ஓடை என்று எத்தனை தடவை சொல்வது, கட்டிய கணவனுக்கே!

வாங்க: கையுறை, பால், எலுமிச்சை.

ஜூலை 9, புதன்

வெயில். ஃபிளாட் குரூப்பில் செகரட்டரி சாரின் குரல்பதிவு. இரண்டு விஷயம்.

1. நம் செப்டிக் டேங்க் ஆறு மாதமாக நிறையவே இல்லை. லாரியே கூப்பிடவில்லை. அவ்வளவு நல்ல பராமரிப்பு. எல்லாரும் கைதட்டல் பொம்மை. நானும் போட்டேன்.

2. கால்வாயைக் கான்கிரீட் போட்டு மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு. மேலே கார் நிறுத்தலாம். ஆதாரம், நான் குரூப்பில் போட்ட ரீடிங்! "நம்ம ஜெனிபர் மேடமே சயின்டிஃபிக்கா நிரூபிச்சிட்டாங்க, இது வெறும் சாக்கடைன்னு."

காப்பாற்றத்தானே எடுத்தேன்! 20ஆம் தேதி கூட்டம். மனுவில் என் கையெழுத்தும் வேண்டுமாம். ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். பின்கேட்டில் வழக்கம்போல 1. சற்றுத் தள்ளி, தண்ணீர் வருகிற திசையில், சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூண்டிலோடு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற செல்வம். போய், இங்கே ஏது மீன் என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? இன்னாக்கா நீ, வாராவாரம் அந்தாண்டயே குந்திகினு தண்ணிய மோந்துகினு கீறே. இங்க பாரு."

குடத்தைச் சாய்த்துக் காட்டினார். ஐந்து ஜிலேபிக் கெண்டை, உயிரோடு.

அங்கேயே சோதனை கிட்டைத் திறந்தேன். 5. மறுபடி எடுத்தேன். 5. திரும்பி ஓடிப் பின்கேட்டில் பார்த்தால் 1. இடையில் நாற்பது அடி இருந்தால் அதிகம்.

நடுவில் என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். "நடுவுல இன்னா கீது? உங்க பில்டிங்தான் கீது."

பன்னிரண்டு வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஜூனியர் யாராவது ஒரே இடத்தில் சோதித்துவிட்டு வந்தால் கிழித்துத் தோரணம் கட்டுவேன். நானோ, பக்கத்தில் இருக்கிறது, செருப்பில் சேறு படாது என்று ஐந்து வாரம் அதே பின்கேட்டுப் படியில். சீ.

ஜூலை 19, சனி

மேகம். ஆகாயத்தாமரையைக் கம்பால் விலக்கினால் பாலத்துக்குக் கீழே ஒரு குழாய், பாதி தண்ணீருக்குள். செகரட்டரி சாரிடம் கேட்டேன். "பழைய மழைநீர்க் கொழாய்மா, யூஸ்லயே இல்ல."

எபியைக் கெஞ்சிக் கூத்தாடி கால்வாய்க்கரையில் ஃபோனோடு நிறுத்தினேன். மேலே மூன்றாம் மாடியில் எங்கள் பாத்ரூம். ஒரு பாட்டில் சொட்டு நீலம் முழுவதையும் கக்கூஸில் கவிழ்த்தேன். ஃபிளஷ். நிரம்பியதும் மறுபடி. மறுபடி.

"ஒண்ணும் வரல பிள்ள. பசிக்கி, மேல வரட்டா?"

"இருங்க, இருங்க!"

இன்னொரு தடவை அழுத்தினேன். பிறகு, "ஏ ஜெனி... நீலமா வருது."

டேங்க் ஏன் நிறையவில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குக் கைதட்டினேனே. சந்தேகப்பட்டுத்தான் ஊற்றினேன், இருந்தும் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. சர்ச் முடிந்து கூட்டம், கார் நிறுத்துமிடத்தில். நீலம் வருவதை எபி ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். ஒவ்வொருவராக:

"வெளிய தெரிஞ்சா ஃபிளாட் ரேட்டு என்னாகும்?"

"டெலிட் பண்ணிடுங்க சிஸ்டர்."

"எல்லா பில்டிங்கும் இப்படித்தான்."

குழாயை அடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம். எபியும் கார் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினார்.

செகரட்டரி சார் மனுவை நீட்டினார். "உங்க ரீடிங் பொய்யாம்மா? உண்மைதானே? போடுங்க."

உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல். பேனா வாங்கினேன். ரீடிங் பட்டியலுக்குக் கீழே எழுதினேன்: 'பாலத்துக்கு அந்தப் பக்கம் 5. இந்தப் பக்கம் 1. நடுவில் எங்கள் குழாய்.' அதன் கீழ் கையெழுத்து. தாளைப் பிடுங்கிக்கொண்டார். மனு தள்ளிவைப்பு. குழாய் அப்படியே. யாரும் முகம் பார்க்கவில்லை.

மதியம் மூன்று. பாத்ரூம். ஃபிளஷில் கை வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரமோ. வெளியே எபி கதவைத் தட்டினார், அவருக்கும் அவசரம். வேறு என்ன செய்ய?

அழுத்தினேன்.