கையெழுத்துக்கு முன்

ஓசூர்

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

நான் நலம். நீ நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? போனில் பேசினால் உன் அண்ணன் நடுவில் வாங்கிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன்.

வில்லியனூர் வீட்டைப் பற்றி யோசித்தேன். "வாடக குடுக்கற காச தவணயா கட்டிட்டுப் போலாம், இன்னா பயம் உங்களுக்கு?" என்றாய். நியாயம்தான். ஆனால் எனக்குப் பெயிண்ட் வேலை, உனக்குத் தையல். இருவருக்கும் முதலாளி இல்லை. மழை பிடித்தால் என் வேலை நிற்கும். தீபாவளி முடிந்தால் உன் மெஷின் நிற்கும். தவணைக்கு மட்டும் இருபது வருஷமும் லீவு கிடையாது. பேங்க்காரர், "சம்பளச் சீட்டு இல்லன்னா வட்டி கொஞ்சம் தூக்கலா இருக்கும், ஆனா பெரிய லோனே தரலாம்மா" என்றாராமே. அந்தப் 'பெரிய'தான் உறுத்துகிறது.

போன வாரம் சாரத்தில் கால் வழுக்கியது. உயரம் அதிகமில்லை. கட்டுப் போட்டிருக்கிறார்கள். முடிந்தால் பட்டன் வைக்காத சட்டை இரண்டு தைத்து அனுப்பு. வலது கையை மட்டும் அகலமாக வை. வறுத்த மல்லாட்டையும் கொஞ்சம் அனுப்பு, தோல் உரித்து. இங்கே வேர்க்கடலை என்று கேட்டால்தான் தெரிகிறது.

எழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து அறை தமீம் அன்சாரி. அவன் வேலைக்குக் கிளம்ப வேண்டும், முடித்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போட எப்போது வருவார் என்று பேங்க்காரர் கேட்டால், முதலில் கை வரட்டும் என்று சொல்.

அரிகரன்