வாய்விட்டுச் சொன்னவர்

ஜூன் 11, செவ்வாய்

சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுவிட்டு ரிக் வண்டி திருச்செங்கோடு வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. அதில் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் இன்னும் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். காய்ச்சலும் இல்லை. இன்றைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உடம்புக்கு ஒன்னுமில்ல அனிதா. மனசுதான் எந்திரிக்க மாட்டீங்குது. டாக்டர்கிட்டப் போலாமா?" என்றார். அவரே கேட்டார்! தலைவலி என்றுகூட யாரிடமும் சொல்லாத மனுஷன்.

ஜூன் 14, வெள்ளி

மாமியார் கோயிலில் கயிறு மந்திரித்துக்கொண்டு வந்தார். "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க சாமி." இவர் மறுக்காமல் கையை நீட்டினார். கட்டி முடித்ததும், "டாக்டரையும் பார்த்துட்டு வாரேம்மா" என்றார். நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூன் 20, வியாழன்

சேலம். மனநல டாக்டர். அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடுவாரோ? — இல்லை, உள்ளே போனார். என்னையும் கூப்பிட்டார்.

"செத்துடலாம்னு தோணியிருக்கா?" டாக்டர் கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தோணியிருக்குங்க" என்றார்.



திரும்பி வரும்போது பஸ்ஸில், "உனக்குத் தெரியோணும்னுதான் உள்ளே கூப்பிட்டேன், அம்மிணி" என்றார். எப்படிங்க இதைத் தனியாத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க? — கேட்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

மாத்திரை சாப்பிட்டும் குளிக்கவில்லை, சோறு தொடவில்லை. கத்திட்டேன். ச்சே. சாயங்காலம் அவராகவே வந்து, "நீயும் பாவந்தான்" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சட்னியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். சந்தோஷம் தாங்கவில்லை!

செப்டம்பர் 8, ஞாயிறு

ரிக்கில் கூட வேலை செய்தவர்கள் பார்க்க வந்தார்கள். "ஊட்டுச் சோறு ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது, வேலைக்கு வர மனசில்ல" என்று சடையன் அண்ணன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முதுகுவலி என்று சொல்லிவிடுங்களேன் என்று கதவோரம் நின்று தவித்தேன்.

"மனச்சோர்வுங்கறாரு டாக்டர். செத்துப்போலாம்னு இருந்தேன். மாத்திரை சாப்பிடறேன், இப்பத் தேவலைப்பா."

எல்லார் கையிலும் காபி ஆறிப்போச்சு. அத்தனை ஆம்பளைங்க முன்னால... எனக்கு வராது அந்தத் தைரியம்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் வாசலில் சடையன் அண்ணன், தனியாக. இவரைப் பார்த்து, "காளியண்ணா, அந்த டாக்டரு... எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான்."

இவர் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, "தோசை ஊத்து அனிதா" என்றார். அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டார். முடிக்கும்வரை இவர் பக்கத்திலேயே இருந்தார்.

இவருக்கே இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. வேலைக்கும் போகவில்லை. ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, நானும் வாரேன்" என்றார்.

இரண்டு பேரும் சேலம் பஸ்ஸுக்குப் போயிருக்கிறார்கள்.